முகவரி தீர்ந்துபோன அஞ்சல்பெட்டி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட். 2012-ம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும், அங்கிருந்து போன் வந்தது. "அண்ணா, அவுட்லுக் திறக்கவே மாட்டேங்குது. லோடு ஏத்தின லாரி கேட்ல நிக்குது. டிசி இல்லாம வண்டியை விட மாட்டேன்னு க்யூசி சார் சொல்றார்." பேசியவர் அந்த அலுவலகத்தில் கணக்கு, பர்ச்சேஸ், டெஸ்பாட்ச் மூன்றையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் பெண். இரும்புத் தொழிலில் டிசி என்றால் டெஸ்ட் சர்டிபிகேட். தகட்டை உருட்டிய மில், அதில் கார்பன் எவ்வளவு, மாங்கனீசு எவ்வளவு, இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்று ஹீட் நம்பர் போட்டுக் கொடுக்கும் சான்று. பொருளோடு அந்தத் தாளும் போகாவிட்டால் வாங்கும் கம்பெனி வண்டியைத் திருப்பிவிடும். அந்தத் தாள் ஒரு மெயிலில் இருந்தது. மெயில் ஒரு கோப்புக்குள் இருந்தது. கோப்பு திறக்கவில்லை.

மூர் மார்க்கெட்டில் ரயிலைப் பிடித்து, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். திரையில் ஒரு செய்தி நின்றுகொண்டிருந்தது: கோப்பில் பிழைகள் இருக்கின்றன, மெயில் நிரல்களை எல்லாம் மூடிவிட்டுப் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டவும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்து பழைய படங்களையெல்லாம் அழித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 160 ஜிபி டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. அஞ்சல் கோப்பின் அளவைப் பார்த்தேன். சரியாக 2 ஜிபியைத் தொட்டு நின்றது. நோய் என்னவென்று அதிலேயே தெரிந்துவிட்டது. இடம் தீரவில்லை, முகவரி தீர்ந்துவிட்டது.

எந்தத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்குள் நுழைந்தாலும் வரிசையாக ரேக்குகள் இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண். வாசல் மேஜையில் ஒரு ரெஜிஸ்டர். எம்12 போல்ட் வேண்டுமென்று கேட்டால் ஸ்டோர்கீப்பர் ரேக் ரேக்காகத் தேடுவதில்லை. ரெஜிஸ்டரைப் புரட்டி "417" என்பார், பையன் நேராக அங்கே போய் எடுத்துவருவான். இப்போது அந்த ரெஜிஸ்டரில் இட எண் எழுத மூன்றே கட்டங்கள் அச்சிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 999 வரை ஒரு தொல்லையும் இல்லை. ஷெட்டை நீட்டி ஆயிரமாவது தட்டைப் பொருத்தினால், அதில் பொருளை வைக்கலாம், வைத்த இடத்தை எழுத முடியாது. மூன்று கட்டத்துக்குள் 1000 என்பது 000 ஆகிவிடும். அடுத்தமுறை பையன் வேறொரு தட்டுக்குப் போய் வேறொரு பொருளோடு திரும்பி வருவான். ஷெட்டில் இடம் தாராளமாக இருக்கிறது, பொருளும் பத்திரமாக இருக்கிறது, ரெஜிஸ்டர்தான் பொய் சொல்கிறது.

அவுட்லுக்கின் அஞ்சல்பெட்டி அப்படி ஒரு ஸ்டோர்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் பிஎஸ்டி என்று முடியும் ஒரே ஒரு கோப்பு. இதன் உள்ளமைப்பை 2010-ல் மைக்ரோசாஃப்ட் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது. கோப்பின் தலையில் ஒரு குறிப்பு. அது ஒரு மரத்தின் வேரைக் காட்டும். 1970-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் இருந்த ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் இருவரும் உருவாக்கிய பி-ட்ரீ என்னும் அமைப்பு அது. மரத்தின் ஒவ்வொரு பக்கமும் 512 பைட். அதில் சுமார் 20 கிளைகளின் முகவரிகள் அடங்கும். வேரிலிருந்து ஒரு தாவல் தாவினால் 20 பக்கம், இரண்டாவதில் 400, ஐந்தாவதில் 32 லட்சம். லட்சக்கணக்கான மெயில்களில் ஒன்றை ஐந்தாறு தாவலில் எட்டிவிடும் வித்தை இது. மெயிலைச் சொடுக்கியதும் சட்டென்று விரிகிறதே, அது இந்த மரத்தின் தயவு. கூடவே, எந்தத் தட்டு காலி, எது நிறைந்தது என்று புள்ளி வைக்கும் பலகைகளும் உண்டு. 64 பைட் இடத்துக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு 2,53,952 பைட்டுக்கும் இப்படி ஒரு பலகை கோப்புக்குள் வந்துகொண்டே இருக்கும்.

மரத்தில் எழுதியிருக்கும் முகவரி என்பது ஓர் எண்தான்: கோப்பின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டில் இந்த மெயில் ஆரம்பிக்கிறது என்ற எண். அவுட்லுக் 97 முதல் 2002 வரையான கோப்பில் அதற்கு 32 பிட்டுகள் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் காலத்து நிரல்களில் முதல் பிட்டைக் கூட்டல், கழித்தல் குறிக்கு விட்டுவிடுவது வழக்கம். மீதி 31. அதில் எழுதக்கூடிய முகவரிகள் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 648. கேட்க மலைப்பாக இருந்தாலும் பைட் கணக்கில் அது 2 ஜிபி, அவ்வளவுதான். அலுவலகக் கணினிகளில் டிஸ்க்கே ஒன்றிரண்டு ஜிபியாக இருந்த 1997-ல், ஒரு மனிதனின் கடிதங்கள் 2 ஜிபியைத் தொடும் என்று நினைத்துப் பார்க்க முடியாது. வடிவமைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுவர் வரப்போகிறது என்று அந்த நிரல் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. பழைய பதிப்புகள் எல்லை நெருங்கும்போது எச்சரிக்கவில்லை. வந்த மெயிலை வாங்கிக்கொண்டே இருந்தன. கோப்பு கோட்டைத் தாண்டியதும் மறுநாள் திறக்கவில்லை.

அந்த அலுவலகத்தில் இருந்தது அவுட்லுக் 2007. எல்லை 2003-லேயே நீங்கிவிட்டதே, பிறகு எப்படி மாட்டினார்கள்? 2003 பதிப்பில் முகவரிக்கு 64 பிட் கொடுத்தார்கள், வரம்பு 20 ஜிபி ஆனது. 2010-ல் 50 ஜிபி ஆக்கினார்கள். ஆனால் புதிய நிரல் பழைய கோப்பைத் தானாகப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதில்லை. பழைய கணினி போய்ப் புதுக் கணினி வந்தபோது, முன்பிருந்த சர்வீஸ் ஆள் பழைய பிஎஸ்டியைத் தூக்கிப் புதியதில் வைத்துக் கொடுத்திருக்கிறார். நிரல் புதுசு, ரெஜிஸ்டர் பழசு. மூன்று கட்டம் மூன்று கட்டமாகவே இருந்தது.

கோப்பு பழைய வடிவம்தான் என்பதற்கு அங்கே இன்னொரு சாட்சியும் இருந்தது. தலைப்பில் தமிழ் எழுதி வந்த மெயில்கள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நின்றன. பழைய வடிவத்துக்கு விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுதிகள்தான் தெரியும், விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு தொகுதி இருந்ததே இல்லை. தமிழ் விண்டோஸுக்குள் யூனிகோடு வழியாக மட்டுமே வந்தது. ஆகவே 2003-ல் வந்த புதிய வடிவம் இரண்டு கதவுகளை ஒரே சமயத்தில் திறந்தது: 2 ஜிபி சுவர் உடைந்தது, தமிழ்த் தலைப்பும் உள்ளே வந்தது. அந்தப் பெண் இத்தனை வருடமாகக் கேள்விக்குறிகளைப் பார்த்து, அனுப்பியவர் கணினியில்தான் கோளாறு என்று நினைத்திருந்தார். நம் மொழிக்கு இடம் தராத கோப்பு நம் கடிதங்களுக்கும் இடம் தராமல் போன நாளில்தான் இரண்டும் ஒரே காரணம் என்று தெரிந்தது.

சரி, திறப்பது எப்படி? ஸ்கேன் பிஎஸ்டி என்று ஒரு பழுதுபார்க்கும் கருவி அவுட்லுக்கோடு வருகிறது. எல்லை தாண்டிய கோப்பை அது தொட மறுத்துவிட்டது. பழைய வடிவக் கோப்பைப் பார்க்கும்போது அதற்கும் அதே 31 பிட் கண்தான். இப்படி மாட்டியவர்களுக்காகவே மைக்ரோசாஃப்ட் வேறொரு சின்ன நிரலைக் கொடுத்திருந்தது. அதன் வேலை வெட்டுவது. கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நாம் சொல்லும் அளவுக்கு அதன் வாலை நறுக்கிவிடும். 25 எம்பி வெட்டச் சொன்னேன். வெட்டிய நகலை ஸ்கேன் பிஎஸ்டியிடம் கொடுத்தால், அது கோப்பு முழுவதையும் பக்கம் பக்கமாக நடந்து பார்த்து, அறுந்த கிளைகளை ஒதுக்கி, மரத்தைத் திரும்பக் கட்டும். எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாத மெயில்களைத் தனியாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவைக்கும்.

"வாலை வெட்டினா கடைசியா வந்த மெயிலெல்லாம் போயிடுமா அண்ணா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கோப்பின் வால் என்பது காலத்தின் வால் அல்ல. நேற்று வந்த மெயில், மூன்று மாதத்துக்கு முன் அழித்த மெயிலின் காலித் தட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். கோப்பு பெருக ஆரம்பித்தபோது வந்த ஏதோ ஒரு வரைபடம் வாலில் இருக்கலாம். எது போகும் என்று வெட்டுவதற்கு முன் யாராலும் சொல்ல முடியாது. அதை அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. கணக்குப் பிள்ளை ஒருவரிடம் போய், உங்கள் பேரேட்டிலிருந்து நூறு தாளைக் கிழிக்கப்போகிறேன், எந்த நூறு என்று எனக்கே தெரியாது என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. 2012-ல் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை உச்சத்தில் இருந்தது. தொழிற்சாலைகள் ஜெனரேட்டரிலேயே பாதி நாளை ஓட்டிய காலம். இந்த யூனிட்டில் ஜெனரேட்டர் ஷாப் ஃப்ளோருக்கு மட்டும். அலுவலகக் கணினி ஒரு பழைய யூபிஎஸ்ஸை நம்பி இருந்தது. அதன் பேட்டரி ஐந்து நிமிடம் தாங்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், இந்தமுறை வெல்டிங் பே பக்கமிருந்து ஜெனரேட்டர் லைனை நீட்டி.

பெரிய அஞ்சல் கோப்புக்கு மின்தடை எப்படி எமனாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு மெயில் வந்தால் கோப்பில் ஓரிடத்தில் மட்டும் எழுதினால் போதாது. மெயிலை எழுத வேண்டும், இணைப்பைத் தனியாக எழுத வேண்டும், மரத்தின் இலைப் பக்கத்தை மாற்ற வேண்டும், அதற்கு மேலே இருக்கும் கிளைப் பக்கங்களை மாற்ற வேண்டும், காலிப் பலகையில் புள்ளி வைக்க வேண்டும், கடைசியில் தலைக்குறிப்பைத் திருத்த வேண்டும். இதற்கு நடுவில் கரண்ட் போனால் பொருள் தட்டில் இருக்கும், ரெஜிஸ்டரில் இருக்காது. அல்லது ரெஜிஸ்டரில் இருக்கும், தட்டு காலியாக இருக்கும். வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். எழுதத் தொடங்கும்போது "பலகையை நம்பாதே" என்று கொடியை ஏற்றி, ஒழுங்காக மூடும்போது இறக்குவார்கள். அடுத்தமுறை திறக்கும்போது கொடி ஏறியே இருந்தால், கோப்பு சரியாக மூடப்படவில்லை, சோதித்துக்கொண்டிருக்கிறோம் என்று செய்தி வரும். 300 எம்பி கோப்பில் இந்தச் சோதனை கண் இமைக்கும் நேரம். 10 ஜிபியில் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. பொறுமை இழந்து யாராவது பவர் பட்டனை அழுத்துவார்கள். பாதிச் சோதனையில் இன்னொரு வெட்டு. நான் பார்த்த உடைந்த கோப்புகளில் பலவும் இப்படி இரண்டாவது அடியில் செத்தவை.

64 பிட் வந்தபின் சுவர் தூரப் போய்விட்டது உண்மை. வேகம் வேறு கதை. மைக்ரோசாஃப்ட் தன் வழிகாட்டலில் 5 ஜிபி வரை நன்றாக ஓடும், 5 முதல் 10 வரை உங்கள் டிஸ்க்கைப் பொறுத்தது, அதைத் தாண்டினால் அடிக்கடி நின்று நின்று போகும் என்று சொன்னது. காரணம் மரம் இல்லை, டிஸ்க்கின் முள். மரத்தில் ஐந்து தாவல் என்றால் சுழலும் தட்டின் ஐந்து மூலைகளுக்கு முள் ஓட வேண்டும்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பெட்டி இவ்வளவு சீக்கிரம் வீங்குவதற்கு அங்கே நடக்கும் வேலையே காரணம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டும் ஆலைகள், ஃபவுண்டரிகள், ஃபேப்ரிகேஷன். திருவள்ளூர் பக்கம் காக்களூர் சிட்கோவில் சின்னச் சின்ன மெஷின் ஷாப்கள். யாரும் நாலு வரிக் கடிதம் எழுதுவதில்லை. வருவது வரைபடம், ஸ்கேன் செய்த டிசி, வெல்டிங்கின் க்ளோஸப் போட்டோ. வரைபடத்தில் ஒரு துளையின் அளவு மாறினால் முழு பிடிஎஃபும் ரெவ் 1, ரெவ் 2 என்று திரும்ப வரும். பழைய ரெவ்களை அழிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை, நாளைக்குத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. நாளைக்கு 40 மெயில், சராசரி 300 கேபி என்று வைத்தாலே 12 எம்பி. 300 வேலைநாளில் 3.6 ஜிபி. பழைய கோப்பின் ஆயுள் ஏழு மாதம்கூட இல்லை. கையெழுத்துக்குக் கீழே கம்பெனி லோகோவைப் பெரிய படமாக ஒட்டி, பதிலுக்குப் பதில் பத்துமுறை போனால் அந்தப் படமும் பத்துமுறை சேரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் கணக்கு ஆவணங்களை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எதையும் அழிக்காதே என்று ஆடிட்டர் சொல்கிறார், அழி என்று சர்வீஸ் ஆள் சொல்கிறார். ஆடிட்டர் பக்கம்தான் நியாயம்.

அழித்தாலும் கோப்பு உடனே சுருங்காது என்பது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். மெயிலை அழித்தால், குப்பைக் கூடையையும் காலி செய்தால், காலிப் பலகையில் புள்ளிகள் அழிகின்றன. ஷெட் அதே நீளம்தான். இருப்பதை நெருக்கி அடுக்கி ஷெட்டைச் சின்னதாக்க, காம்பாக்ட் என்ற வேலை தனியாக நடக்க வேண்டும். பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ், நூறு தடவை மூடியதும் இந்த நெருக்கும் வேலையைச் செய்யலாமா என்று தானாகக் கேட்கும். அது நடுவில் நிற்கும்போது பொறுக்காமல் கணினியை அணைத்து மொத்த ஃபோல்டரையும் இழந்தவர்கள் ஏராளம்.

அடிக்கடி என்னிடம் வரும் இன்னொரு சந்தேகம்: "சர்வர்ல 25 எம்பி வரைக்கும் போகும்னு சொன்னாங்க, என்னோட 20 எம்பி டிராயிங் ஏன் திரும்பி வருது?" மின்னஞ்சல் பிறந்தது வெறும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டுபோக. வரைபடத்தையும் படத்தையும் அதே குழாயில் அனுப்ப 1992-ல் நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் மைம் என்ற முறையை வகுத்தார்கள். அதில் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றி அனுப்புவார்கள். 20 எம்பி கோப்பு வழியில் 26 எம்பிக்கு மேல் ஆகிவிடும், சர்வர் கதவில் இடித்துத் திரும்பும். தமிழுக்கும் இந்தக் கணக்கு உண்டு. கும்மிடிப்பூண்டி என்ற சொல்லை யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் 48 பைட். மைம் அதை 64 எழுத்தாக்கும். ஆங்கிலத்தில் அந்த ஊர் 13 பைட்டில் முடிந்துவிடும். ஆனாலும் ஒரே ஒரு வரைபடத்தின் இடத்தில் ஆயிரம் தமிழ்க் கடிதங்களை வைக்கலாம், தமிழில் எழுதினால் பெட்டி நிறைந்துவிடும் என்று யாரும் தயங்க வேண்டாம். அவுட்லுக் இணைப்பைத் திரும்பப் பழைய அளவுக்குப் பிரித்தே வைக்கிறது. தண்டர்பேர்ட் போன்ற மெயில் நிரல்கள் வந்தபடியே, வீங்கியபடியே ஒரே நீளக் கோப்பில் அடுக்குகின்றன. தண்டர்பேர்டின் பழைய பதிப்புகளில் ஒரு ஃபோல்டருக்கு 4 ஜிபி சுவர்.

4 ஜிபி என்ற எண் எங்கிருந்து வந்தது? குறிக்கு விட்ட அந்த ஒரு பிட்டையும் சேர்த்துக்கொண்டால் 32. எல்லை இரட்டிக்கும். இதே எண் பென் டிரைவிலும் காத்திருக்கிறது. கடையில் வாங்கும் பென் டிரைவ்களில் பல ஃபேட்32 முறையில் வருகின்றன, அதில் தனியொரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. 32 ஜிபி பென் டிரைவில் 5 ஜிபி அஞ்சல் கோப்பை பேக்கப் எடுக்கப் போனால், இடம் இருந்தும் ஏறாது. காக்களூரில் ஓர் அலுவலகத்தில் வாராவாரம் சனிக்கிழமை பேக்கப் எடுக்கும் ஒரு தம்பி, கோப்பு 4 ஜிபியைத் தாண்டிய வாரத்திலிருந்து ஏறாததைக் கவனிக்காமல் மற்றக் கோப்புகளை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தான். பேக்கப் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். டிஸ்க் போன அன்று பென் டிரைவைத் திறந்தால், உள்ளே எட்டு மாதத்துக்கு முந்தைய அஞ்சல்பெட்டி. இந்த 4 ஜிபி எல்லை இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்குப் பென் டிரைவை மாற்ற ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

அஞ்சல் கோப்பைப் பக்கத்து அறைக் கணினியில் வைத்து நெட்வொர்க் வழியாகத் திறப்பதும் இதே குடும்பத்து ஆபத்து. மைக்ரோசாஃப்டே அதை ஆதரிப்பதில்லை. எழுத வேண்டிய ஆறேழு இடங்களுக்கு நடுவே ஒரு நெட்வொர்க் கேபிளும் வந்துவிடுகிறது.

எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டால் இந்தக் கவலை இல்லை என்பார்கள். பாதி உண்மை. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் ஜிமெயிலை 1 ஜிபியோடு அறிவித்தபோது, மற்ற இலவசச் சேவைகள் சில எம்பி மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தன. சுவர் நம் மேஜையிலிருந்து அவர்கள் கட்டடத்துக்கு நகர்ந்தது. பெட்டி நிறைந்தால் இப்போது கோப்பு உடைவதில்லை. அனுப்பியவருக்கே கடிதம் திரும்பிப் போகிறது. அதாவது நமக்கு வராத ஆர்டரைப் பற்றி நமக்குத் தெரியாது. 2011 பிப்ரவரி கடைசியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் வெறுமையாகத் தெரிந்தன. பல இடங்களில் நகல் வைத்திருந்தும் பிழை எல்லா நகலையும் தொட்டது. கடைசியில் காந்த நாடாவில், எந்தக் கணினியோடும் இணையாமல் தனியாக வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.

அன்று சாயங்காலம் கோப்பு திறந்தது. லாரி அதற்கு முன்பே போய்விட்டது. மில்லில் பேசி டிசியைச் சூப்பர்வைசரின் சொந்த ஜிமெயிலுக்கு வரவழைத்து பிரிண்ட் எடுத்திருந்தார்கள். புதிய வடிவத்தில் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, பிழைத்த மெயில்களையெல்லாம் அதற்குள் இறக்கினேன். சில மெயில்களில் எழுத்து இருந்தது, இணைப்பு இல்லை. என்னென்ன போனது என்று அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். பதினொன்று தேறியது. அவற்றில் ஒன்பதை அனுப்பியவர்களிடம் கேட்டு ஒரு வாரத்தில் திரும்ப வாங்கிவிட்டார். இரண்டு கிடைக்கவில்லை.

அடுத்த ஏப்ரல் மாதம் வேறு வேலையாக அங்கே போனபோது, அவரே ஒரு காரியம் செய்திருந்தார். "கணக்கு மாதிரியே இதையும் வருஷ முடிவுல முடிச்சிட்டேன் அண்ணா" என்றார். மார்ச் 31-ம் தேதியோடு பழைய அஞ்சல் கோப்பை நிறுத்திவிட்டு, ஏப்ரல் 1-ல் புதுக் கோப்பு. பேரேட்டுக்குப் போடுவதுபோலவே 2012-13, 2013-14 என்று பெயர். தேவைப்பட்டால் பழைய ஆண்டைத் திறந்து பார்க்கலாம், இல்லாவிட்டால் அது அசையாமல் கிடக்கும். யாரும் எழுதாத கோப்பைக் கரண்ட் போய் உடைக்க முடியாது. நகல் எக்ஸ்ஃபேட் செய்த இரண்டு பென் டிரைவ்களில், ஒன்று அலுவலகப் பீரோவில், ஒன்று முதலாளி வீட்டில்.

அவர் மேஜைக்குப் பின்னால் இரும்பு வியாபாரி ஒருவர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு மாதமும் கடைசி சனிக்கிழமைக் கட்டத்தில் பேனாவால் ஒரு சின்ன எண் எழுதியிருப்பார், அன்றைய கோப்பின் அளவு. கடைசியாக நான் போயிருந்தபோது அந்தக் கட்டத்தில் 3.1 என்று இருந்தது.